பழைய ஹாலிவுட் படங்களை அவற்றின் காலத்தோடு சேர்த்துப் படிப்பது எப்படி?

“சினிமா சமூகத்தின் கண்ணாடி” என்ற வாக்கியம் நம் சினிமாப் பேச்சில் நிறையப் புழங்குகிறது. பழைய அமெரிக்கப் படங்களைப் பற்றிப் பேசும்போது அது இன்னும் தாராளமாக வந்து விழுகிறது. 1940-களில் வெளிவந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அன்றைய அமெரிக்கர்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள், இப்படித்தான் நினைத்தார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறோம். எதிர்முனையில் இன்னொரு பேச்சும் உண்டு: அவை வெறும் பொழுதுபோக்குப் படங்கள், அவற்றில் போய்ச் சமூகத்தையும் அரசியலையும் தேடுவானேன் என்பது. இந்த இரண்டு பேச்சும் ஒரே கேள்வியைத் தவறவிடுகின்றன. ஒரு சமூகத்தில் நடப்பது திரைக்கு வந்து சேர்வதற்குள் யார் யார் கையைக் கடந்து வந்தது என்பதே அந்தக் கேள்வி.

அதைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். திரைப்படக் கோட்பாடு எதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியதில்லை. படங்களை விரும்பிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

கண்ணாடி ஏன் பொருந்துவதில்லை

1935-க்கும் 1955-க்கும் இடையில் வந்த ஹாலிவுட் படங்களை உண்மையிலேயே கண்ணாடியாக எடுத்துக்கொண்டால் நமக்குக் கிடைக்கும் அமெரிக்கா விசித்திரமானது. அங்கே கணவனும் மனைவியும் பெரும்பாலும் தனித்தனிக் கட்டிலில் உறங்குகிறார்கள். குற்றம் செய்தவர் அநேகமாக ஒருவர்கூடத் தண்டனையிலிருந்து தப்புவதில்லை. கறுப்பினத்தவர் ஏறக்குறைய எல்லோருமே சமையல்காரராகவோ பணிப்பெண்ணாகவோ ரயில் சிப்பந்தியாகவோ இருக்கிறார்கள். அப்படியொரு நாடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் விவாகரத்து நடந்தது, கொலைகாரர்கள் தப்பினார்கள், கறுப்பின மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் தங்கள் ஊர்களில் மதிப்போடு பணிசெய்தார்கள்.

கண்ணாடியை விடப் பொருத்தமான உவமை ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. ஒரு கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள ஒரு படமும் பொய்யில்லை, எல்லாம் நடந்ததுதான். ஆனால் சீர்வரிசையில் வந்த மனத்தாங்கல் அதில் இருக்காது. பந்திக்குப் பின்னால் அண்டா கழுவியவர்கள் இருக்க மாட்டார்கள். மேடையில் யார் நடுவில் நிற்பது, யார் ஓரமாக ஒதுங்குவது என்பதைப் பெரியவர்கள் தீர்மானித்திருப்பார்கள்; நூற்றுக்கணக்கான படங்களில் எவை ஆல்பத்தில் சேர வேண்டும் என்பதை வீட்டார் பொறுக்கியிருப்பார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த ஆல்பத்தை வைத்து அந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள முயல்பவர், படங்களை உற்றுப் பார்ப்பதோடு, எடுக்கச் சொன்னது யார், யாருக்குக் காட்டுவதற்காக எடுத்தார்கள், விடுபட்டவர்கள் யார் என்றும் விசாரித்தாக வேண்டும்.

ஒரு படத்தை அதன் சமூக, பண்பாட்டுப் பின்புலத்தோடு படிப்பது இந்த விசாரணைதான். பின்புலம் என்று நான் சொல்வது, படம் உருவான காலத்தின் சட்டம், முதலீடு, தொழில் அமைப்பு, பொதுவான நம்பிக்கைகள், அதைப் பார்த்த மக்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒன்றை.

எல்லோருக்கும் ஒரே படம்

செவ்வியல் ஹாலிவுட் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவது ஏறக்குறைய 1917 முதல் 1960 வரையிலான காலத்தை. அக்காலத்துப் படங்களின் குணத்தை நிர்ணயித்தது ஸ்டுடியோ முறை. எம்.ஜி.எம்., பாரமவுண்ட், வார்னர் பிரதர்ஸ், டுவென்டியெத் செஞ்சுரி-ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்து பெரிய நிறுவனங்கள் படத்தைத் தயாரித்தன, விநியோகித்தன, தங்கள் சொந்தத் தியேட்டர்களிலேயே ஓட்டின. உற்பத்தி முதல் விற்பனை வரை ஒரே முதலாளியிடம் இருக்கும் இந்த ஏற்பாட்டுக்குச் செங்குத்து ஒருங்கிணைப்பு என்று பெயர். நடிகர்களும் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் நீண்டகால ஒப்பந்தத்தில் மாதச் சம்பளக்காரர்களைப் போல வேலை பார்த்தார்கள். வெளித் தியேட்டர்காரர் ஒருவர் நட்சத்திர நடிகரின் படம் வேண்டும் என்று கேட்டால், கூடவே அந்த நிறுவனத்தின் சாதாரணப் படங்களையும் மொத்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு நியாயமான போட்டிக்கு எதிரானது என்று தீர்ப்பளித்த பிறகே நிறுவனங்கள் தியேட்டர்களை விற்கத் தொடங்கின.

இந்தத் தொழில் விவரத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. 1946-ஐ ஒட்டிய உச்ச காலத்தில் வாரந்தோறும் சுமார் 9 கோடி டிக்கெட்டுகள் விற்றதாக மதிப்பிடுகிறார்கள். அன்றைய அமெரிக்க மக்கள்தொகை சுமார் 14 கோடி. இந்தப் பெருங்கூட்டத்துக்கு வயதுவாரித் தரச்சான்று என்ற ஏற்பாடே கிடையாது. அது 1968-இல்தான் வந்தது. அதுவரை நியூயார்க்கில் இரவுக் காட்சிக்கு வரும் வழக்கறிஞரும், மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரில் சனிக்கிழமை மதியம் வரும் பத்து வயதுச் சிறுவனும் பார்த்தது ஒரே படத்தை. யாரையும் இழக்க விரும்பாத நிறுவனம் யாருக்கும் உறுத்தாத படத்தை எடுக்க முயலும். எவருடைய உறுத்தல் கணக்கில் வந்தது, எவருடையது வரவில்லை என்பது அந்தச் சமூகத்தில் யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதைச் சொல்லிவிடும்.

சுருக்கமாக: ஹாலிவுட் ஒரு தொழிற்சாலையாக இயங்கியது, அதன் சரக்கு ஒரே வடிவில் நாடு முழுவதும் போக வேண்டியிருந்தது, அந்தக் கட்டாயம் கதைகளுக்குள் நுழைந்தது.

தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விதி

1915-இல் ஒஹாயோ மாநிலத் தணிக்கை வழக்கு ஒன்றில், திரைப்படம் என்பது ஒரு வணிகம், அதற்கு அரசியலமைப்பின் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1952 வரை இதுவே நிலை. ஆகவே நியூயார்க், பென்சில்வேனியா, கான்சஸ் போன்ற மாநிலங்களும் பல நகரங்களும் தனித்தனித் தணிக்கைக் குழுக்களை வைத்துக்கொண்டு, தங்கள் விருப்பப்படி படங்களை வெட்டின. மத்திய அரசே தணிக்கையைக் கையிலெடுத்துவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. அதற்கு முந்திக்கொள்ள, படநிறுவனங்கள் 1922-இல் ஒரு சங்கம் அமைத்து, முன்னாள் அஞ்சல்துறை அமைச்சர் வில் ஹேஸைத் தலைவராக்கின. 1930-இல் அந்தச் சங்கம் ஏற்றுக்கொண்ட ஒழுக்க விதித்தொகுப்புதான் புரொடக்‌ஷன் கோட். ஹேஸ் கோட் என்றும் சொல்வார்கள். எழுதியவர்கள் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியாரும் மார்ட்டின் குவிக்லி என்ற பத்திரிகை அதிபரும்.

இதை அரசுத் தணிக்கை என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. இது தொழில்துறை தனக்குத் தானே விதித்துக்கொண்டது. முதல் நான்கு ஆண்டுகள் இது ஏட்டில் மட்டுமே இருந்தது. அதனால்தான் 1930 முதல் 1934 வரை வந்த படங்களில் பின்னாளில் காணவே முடியாத துணிச்சல் தெரிகிறது. 1934-இல் கத்தோலிக்கத் திருச்சபை, ஒழுக்கமற்ற படங்களைப் புறக்கணிப்போம் என்று விசுவாசிகளிடம் உறுதிமொழி வாங்கும் இயக்கத்தைத் தொடங்கியது. பொருளாதார மந்தத்தால் ஏற்கெனவே அடிபட்டிருந்த நிறுவனங்கள் பணிந்தன. அந்த ஆண்டு ஜூலை முதல் ஜோசப் பிரீன் தலைமையிலான அலுவலகத்தின் சான்று இல்லாமல் சங்க உறுப்பினர்களின் தியேட்டர்களில் படம் ஓடாது. மீறினால் 25,000 டாலர் அபராதம்.

அந்த அலுவலகம் வேலை செய்த விதத்தைத்தான் புதிதாகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். எடுத்து முடித்த படத்தை வெட்டுவது அதன் முதன்மைப் பணி அன்று. திரைக்கதை எழுத்து நிலையிலேயே வரும், பிரீன் கடிதம் எழுதுவார், எழுத்தாளர் திருத்துவார், மீண்டும் கடிதம் போகும். கதை பிறக்கும்போதே பேரம் தொடங்கிவிடும். அந்தக் கடிதங்கள் பெருமளவில் லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த பெவர்லி ஹில்ஸிலுள்ள மார்கரெட் ஹெரிக் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு காட்சி ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு ஊகத்தை விட்டுவிட்டு ஆவணத்தைக் காட்ட முடிவது இந்தத் துறையின் பெரும் பேறு.

மூன்றரை வினாடியில் ஒரு பேரம்

‘காசாபிளாங்கா’வில் (1942) இல்சா, தன் முன்னாள் காதலன் ரிக்கின் அறைக்கு இரவில் வருகிறாள். அவளுக்குக் கணவன் இருக்கிறான். அவன் நாஜிகளுக்கு எதிரான போராளி. தப்பிச் செல்வதற்கான ஆவணங்களைக் கேட்டுத் துப்பாக்கியை நீட்டுகிறாள், உடைந்து அழுகிறாள், இருவரும் அணைத்துக்கொள்கிறார்கள். அந்த அணைப்பு மெல்லக் கரைந்து, இருளில் சுழலும் விளக்கோடு விமான நிலையக் கோபுரம் தெரிகிறது. ஏறக்குறைய மூன்றரை வினாடிதான். மறுபடி அறை. ரிக் சன்னலருகே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டு, “அதற்கப்புறம்?” என்று கேட்கிறான். இல்சா தன் கதையைத் தொடர்கிறாள்.

நடுவில் என்ன நடந்தது? அந்தக் கோபுரத்தின் மூன்றரை வினாடி எவ்வளவு நேரத்தைக் குறிக்கிறது? படப்பிடிப்புக் காலத்தில் பிரீன் எழுதிய கடிதம் இதற்கு வெளிச்சம் தருகிறது. திரைக்கதையில் அந்த இடத்தில் திரை முழுக்க இருண்டு மீள்வதாக எழுதியிருந்தார்கள். அப்படி இருண்டால் நெடுநேரம் கழிந்ததாகப் பொருள்படும், தகாத உறவு நடந்ததாகத் தோன்றும் என்பது அவர் கவலை. ஆகவே இருளுக்குப் பதிலாக ஒரு காட்சி இன்னொன்றில் கரையும் உத்தியைப் பயன்படுத்துங்கள், அடுத்த காட்சியில் கட்டிலோ சோபாவோ கண்ணில் படக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். படம் அதற்கு இணங்கியது. ஆனால் இணங்கிய விதத்தில் ஒரு சிகரெட்டும் ஒரு கோபுரமும் சேர்ந்துகொண்டன. குழந்தையோடு வந்த தாய்க்கு அங்கே இருவர் பேசிக்கொண்டிருந்தது மட்டுமே நடந்தது. பக்கத்து இருக்கைக்காரருக்கு வேறு ஏதோ நடந்தது. இரண்டு பதிலுக்கும் படத்தில் இடம் இருக்கிறது, இரண்டில் எதையும் நிரூபிக்க முடியாது.

என் பார்வையில், செவ்வியல் ஹாலிவுட்டின் இயக்கமுறை முழுவதும் இந்த மூன்றரை வினாடிக்குள் அடங்கியிருக்கிறது. தடைகள் கலைஞர்களின் வாயை அடைத்தன என்று மட்டும் சொல்வது போதாது. ஒரே படத்தை எல்லோருக்கும் விற்க வேண்டியிருந்த தொழில், ஒரே காட்சிக்குள் இரண்டு கதைகளை வைக்கும் கலையைக் கற்றுக்கொண்டது. இந்தக் காட்சியிலிருந்து 1942-இல் அமெரிக்கர்கள் கற்பைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. அதைப் பற்றி அவர்கள் ஒத்த கருத்தோடு இல்லை என்பதையும், அந்த வேறுபாட்டைத் தொழில்துறை நன்றாகவே அறிந்திருந்தது என்பதையும் கண்டுபிடிக்க முடியும்.

பஞ்ச காலத்தில் ஆடிய பாட்டு

1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டுகளின் இசைநடனப் படங்களைப் பற்றி எழுதுபவர்கள், மக்கள் வறுமையை மறக்க அவற்றைப் பார்த்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு வார்னர் பிரதர்ஸின் ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933’ படத்தைத் திறந்து பார்க்கலாம்.

படம் தொடங்கும்போது, பெரிய பெரிய நாணயங்களை உடையாக அணிந்த பெண்கள் ‘நம்மிடம் பணம் கொழிக்கிறது’ என்ற பொருளில் பாடி ஆடுகிறார்கள். பாட்டு முடிவதற்குள் கடன் கொடுத்தவர்களுக்காக அதிகாரிகள் அரங்கத்துக்குள் நுழைந்து, செட்டையும் உடைகளையும் பறிமுதல் செய்கிறார்கள். ஒத்திகை நிற்கிறது, பெண்கள் வேலையை இழக்கிறார்கள். படத்தின் கடைசிப் பாடல் இதைவிட அழுத்தமானது. தெருவிளக்கடியில் ஒரு பெண் நிற்கிறாள். நடைபாதையில் கிடக்கும் ஒருவனைப் போலீஸ்காரர் இழுத்துச்செல்ல முற்படும்போது, அவள் அவனுடைய கோட்டின் மடிப்பைத் திருப்பிக் காட்டுகிறாள். உள்ளே போர்ப் பதக்கம். போலீஸ்காரர் விலகுகிறார். பின்னர் அணிவகுத்துப் போருக்குச் சென்ற அதே படைவீரர்கள் இலவச உணவுக்காக வரிசையில் நிற்கிறார்கள்.

1932 கோடையில், முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள், 1945-இல் தருவதாகச் சட்டம் சொன்ன ஊக்கத்தொகையை இப்போதே தாருங்கள் என்று கேட்டு வாஷிங்டனில் முகாமிட்டார்கள். ஜூலை 28 அன்று ராணுவம் அவர்களை விரட்டியது. அனகோஸ்டியா ஆற்றங்கரையில் இருந்த குடிசைகள் எரிந்தன. ஓராண்டுக்குள் வந்த இந்தப் பாடலைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதக்கம் எதைக் குறித்தது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நமக்கு விளக்க வேண்டியிருக்கிறது. பின்புலம் தெரியாதவருக்கு அது சோகமான நடனம். தெரிந்தவருக்கு அது ஓர் அரசாங்கத்தின் மீதான குற்றச்சாட்டு. ஹேஸ் கோட் ஏட்டளவில் மட்டும் இருந்த காலம் என்பதும், வார்னர் சகோதரர்கள் புதிய அதிபர் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தார்கள் என்பதும், பழைய அதிபர் ஹூவரின் காலத்துக் கொடுமையைத் திரையில் காட்டுவதற்குத் துணைநின்றிருக்க வேண்டும்.

இதுவரை மூன்று அடுக்குகளைப் பார்த்தோம்: நாட்டில் நடந்தது, நிறுவனமும் விதியும், திரையில் வந்தது. முதலிலிருந்து மூன்றாவதுக்கு நேராகத் தாவினால் தவறு நேரும்.

திரையில் இல்லாதவர்கள்

விடுபட்டவர்களைத் தேடுவதுதான் இந்தப் படிப்பின் கடினமான பகுதி. என்னைக் கேட்டால் மிகவும் அவசியமான பகுதியும் இதுவே.

சீன உழவர் குடும்பத்தைப் பற்றிய ‘த குட் எர்த்’ படத்தை எம்.ஜி.எம். 1937-இல் வெளியிட்டது. அன்றைக்கு உலகம் அறிந்த சீன-அமெரிக்க நட்சத்திரம் ஒருவர் இருந்தார்: லாஸ் ஏஞ்சல்ஸில் 1905-இல் பிறந்த அன்னா மே வோங். கதாநாயகியின் வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை. கதாநாயகனாக பால் முனி என்ற வெள்ளையரைப் போட்டாகிவிட்டது. ஹேஸ் கோடின் வரிகள் வெள்ளையர், கறுப்பர் இடையிலான உறவைத்தான் பெயர்சொல்லித் தடுத்தன என்றாலும், நடைமுறையில் அந்தத் தடை ஆசியர்களையும் தொட்டது. கலிஃபோர்னியாவில் வெள்ளையரும் சீனரும் மணந்துகொள்வதையே 1948 வரை சட்டம் அனுமதிக்கவில்லை. முனிக்கு மனைவியாக, ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனர் ஒப்பனை போட்டுச் சீனப் பெண்ணாக நடித்து, சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றார். குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாவது மனைவி வேடத்துக்கு வோங்கின் பெயர் அடிபட்டது. அவர் அதை ஏற்கவில்லை. படத்தை எத்தனை முறை பார்த்தாலும் இந்த வரலாறு அதில் தெரியாது. நடிகர் தேர்வு, திருமணச் சட்டம், சீனக் குடியேற்றத்தை 1882 முதல் 1943 வரை தடுத்த சட்டம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்தால்தான், திரையில் அந்த முகம் ஏன் அந்த முகமாக இருக்கிறது என்பது புரியும்.

லீனா ஹார்னின் கதை வேறு வகை. எம்.ஜி.எம். நிறுவனத்தோடு நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்ட இந்தக் கறுப்பினப் பாடகி, பல படங்களில் ஒரு தூணருகே தனியாக நின்று பாடுவார். கதைக்கும் அவருக்கும் ஒட்டுறவு இருக்காது. அது அழகியல் முடிவன்று. தென்மாநிலங்களில் அந்தப் பகுதியைக் கத்தரித்துவிட்டுக் கதை குறையாமல் ஓட்டுவதற்கான ஏற்பாடு. மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைத் தலைவர் லாய்ட் பின்ஃபோர்ட், கறுப்பினக் குழந்தைகள் வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பதைக் காட்டியதற்காகவே 1947-இல் ஒரு நகைச்சுவைப் படத்தைத் தடைசெய்தவர். ஒரு நகரத்து அதிகாரியின் மனக்கசப்பு கலிஃபோர்னியாவில் கேமராவை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானித்த விதம் இதுதான்.

ஹாலிவுட்டின் ஆல்பத்தில் இடம் கிடைக்காதவர்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1915-இல் வந்த ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை வீரர்களாகக் காட்டியது. அதே ஆண்டு அந்த வன்முறைக் கும்பல் ஜார்ஜியாவில் மீண்டும் உயிர்பெற்றது. ஐந்தாண்டுக்குள் ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர், சொந்த முயற்சியில் எடுத்த ‘விதின் அவர் கேட்ஸ்’ படத்தில், கும்பல் கொலைகளை அதற்கு இரையானவர்களின் பக்கம் நின்று காட்டினார். கறுப்பினப் பார்வையாளர்களுக்காகத் தனித் தியேட்டர்களில் ஓடிய இத்தகைய படங்கள் பல அழிந்துவிட்டன. மிஷோவின் அந்தப் படமே ஸ்பெயினில் கிடைத்த பிரதியிலிருந்துதான் மீட்கப்பட்டது. ‘அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்’ என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு படம் போதுமான பதில். எல்லோரும் அப்படி நினைக்கவில்லை; அப்படி நினைக்காதவர்களிடம் தியேட்டர் சங்கிலி இல்லை.

தேதியைப் பார்க்காமல் பொருள் சொல்லக் கூடாது

பின்புலம் என்ற பெயரில் கண்டதையெல்லாம் கட்டிச் சேர்ப்பதும் நடக்கிறது. 1934-இல் வந்த ஒரு படத்தில் கிளார்க் கேபிள் சட்டையைக் கழற்றியபோது உள்ளே பனியன் இல்லை என்பதால் அமெரிக்காவில் பனியன் விற்பனையே சரிந்துபோனது என்று இன்றும் எழுதுகிறார்கள். அதற்கு உருப்படியான விற்பனைக் கணக்கை யாரும் காட்டியதில்லை.

இன்னும் நுட்பமாக ஏமாற்றக்கூடிய எடுத்துக்காட்டு ‘மில்ட்ரெட் பியர்ஸ்’. கணவனைப் பிரிந்து, சொந்த உழைப்பில் உணவகங்கள் நடத்தி முன்னேறும் பெண்ணின் கதை. 1941-இல் வந்த நாவலில் கொலையே கிடையாது. திரையில் கதை ஒரு கொலையில் தொடங்கி, கொலையாளி பிடிபடுவதில் முடிகிறது. தீமையைக் காட்டலாம், ஆனால் அதற்கு ஈடாகத் தண்டனையையும் காட்ட வேண்டும் என்ற ஹேஸ் கோடின் கணக்கு அங்கே வேலை செய்கிறது. முடிவில் மில்ட்ரெட் முதல் கணவனோடு விடியலில் வெளியேறும்போது, இரண்டு பெண்கள் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். படம் 1945 இலையுதிர்காலத்தில் வெளிவந்தது. போர் முடிந்து, ஆலைகளில் வேலை பார்த்த பெண்களை வீட்டுக்குத் திரும்பச் சொன்ன நேரம். ஆகவே போருக்குப் பிந்தைய அமெரிக்கா பெண்களுக்கு விடுத்த எச்சரிக்கையாக எழுதப்பட்ட படம் இது என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் படப்பிடிப்பு தொடங்கியது 1944 டிசம்பரில். போர் முடியும் முன்பே அது முடிந்துவிட்டது. எழுதியவர்கள் அந்தச் செய்தியை நினைத்து வைத்தார்கள் என்பதற்குத் தேதி இடம் தரவில்லை. வெளியான நேரத்தில் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம் என்பதற்கு இடம் தருகிறது. இரண்டும் வேறு வேறு கூற்றுகள். இரண்டாவதை நிறுவ அக்காலப் பத்திரிகை விமர்சனங்களையும் பார்வையாளர் கடிதங்களையும் தேடிப் போக வேண்டும்.

பார்த்தவர்களின் கையில் படம்

மக்கள் ஒரு படத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று ஆராய்வதை ஏற்பு ஆய்வு என்பார்கள். ‘ஹை நூன்’ (1952) படத்தில், கொலைகாரர்கள் ஊருக்குத் திரும்பி வரும்போது காவல் அதிகாரியை ஊரார் தனியே கைவிடுகிறார்கள். எழுதியவர் கார்ல் ஃபோர்மன். கம்யூனிஸ்டுகளைத் தேடிய நாடாளுமன்றக் குழு அவரை 1951-இல் அழைத்து விசாரித்தது, நண்பர்கள் விலகினார்கள், பின்னர் அவர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அந்த அனுபவமே கதையில் இருக்கிறது. ஆனால் 1989 ஜூன் 4 அன்று போலந்தில் நடந்த தேர்தலுக்கு, கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்த சாலிடாரிட்டி இயக்கம் ஒட்டிய சுவரொட்டியில் நடந்து வந்தவர் இதே காவல் அதிகாரிதான். கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டு.

‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1946-இல் வெளியானபோது போட்ட பணத்தை எடுக்கவில்லை. வங்கிக்காரரைக் கெட்டவராகக் காட்டியதைக் கம்யூனிஸ்ட் உத்தியாகப் பார்த்த, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் குறிப்பும் உண்டு. 1974-இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால் தொலைக்காட்சி நிலையங்கள் கட்டணமின்றி ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் ஓட்டின. அமெரிக்கக் குடும்பங்களின் பண்டிகைப் படமாக அது அப்படித்தான் மாறியது.

‘கான் வித் த விண்ட்’ 1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, அதில் பணிப்பெண்ணாக நடித்த ஹேட்டி மெக்டேனியல் அந்த விழாவுக்கு வர முடியவில்லை. ஜார்ஜியாவின் இனப் பாகுபாடு இடம் கொடுக்கவில்லை. இரண்டு மாதங்களில், 1940 பிப்ரவரி 29 அன்று, ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். அந்த விழாவிலும் சக நடிகர்களிடமிருந்து தள்ளி, சுவரோரமாகப் போட்ட மேசையில்தான் அவருக்கு இடம். அடிமை முறையை இனிய பழங்காலமாகச் சித்திரிக்கும் அந்தப் படத்தை 2020 ஜூனில் ஹெச்.பி.ஓ. மேக்ஸ் தன் தளத்திலிருந்து நீக்கியது. நீக்கியதே சரி என்று சிலரும், வரலாற்றை அழிக்கிறார்கள் என்று சிலரும் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, சுமார் இரண்டு வாரங்களில் படம் திரும்பி வந்தது. திரைப்பட ஆய்வாளர் ஜாக்குலின் ஸ்டூவர்ட் தோன்றி, படம் எதைக் காட்டுகிறது, அடிமை முறையின் எந்தக் கொடூரத்தை மறைக்கிறது என்று சொல்லும் அறிமுகம் முன்னால் சேர்ந்திருந்தது. படத்தில் எதையும் வெட்டவில்லை.